லெந்து வகுப்பில் தராசைப் பற்றி யாரும் பேசவில்லை

மதிப்பிற்குரிய ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். ஈஸ்டருக்கு முந்தைய நாற்பது நாள் தவக்காலமான லெந்து காலத்தை ஒட்டி உங்கள் ஞாயிறு ஆன்மிகப் பக்கத்தில் சீஷத்துவம், அதாவது இயேசுவின் சீடனாக வாழ்வது, பற்றி வந்த கட்டுரைகளைப் படித்தேன். நன்றாகத்தான் இருந்தன, குறை சொல்ல எழுதவில்லை. ஆனால் எங்கள் சபையில் நடக்கும் வகுப்பில் உட்கார்ந்துவிட்டு எழுந்து வரும்போது எனக்கு என்ன தோன்றுமோ, அதேதான் இவற்றைப் படித்து முடித்தபோதும் தோன்றியது. எல்லாம் சரி, திங்கட்கிழமை காலையில் கடை ஷட்டரைத் தூக்கியதும் நான் என்ன செய்ய வேண்டும் என்று இதில் ஒரு வரிகூட இல்லையே.

களியக்காவிளைக்கும் பனச்சமூட்டுக்கும் நடுவில் ஓர் இடத்தில் ரப்பர் ஷீட்டும், மரத்திலும் சிரட்டையிலும் ஒட்டி உறைந்த ஒட்டுபாலும் வாங்கும் கடை வைத்திருக்கிறேன். வீடு கேரளத்தில், கடை தமிழ்நாட்டில், நடந்தால் பத்து நிமிஷம். 1956 நவம்பர் 1-ஆம் தேதிக்கு முன்னால் எங்கள் பாட்டாவுக்கு, அதாவது தாத்தாவுக்கு, இந்தக் குழப்பமெல்லாம் கிடையாது, இரண்டு பக்கமும் ஒரே திருவிதாங்கூர்தான். இப்போது வீட்டில் வாசிப்பது தமிழ் வேதாகமம், பிள்ளைகள் பள்ளியில் படிப்பது மலையாளம். என் மகள் வாயில் சீஷத்துவம் என்ற சொல் வராது, சிஷ்யத்வம் என்பாள். உண்மையைச் சொன்னால் அவள் சொல்வதுதான் எனக்குச் சட்டென்று புரிகிறது, ஏனென்றால் சிஷ்யன் என்றால் எங்கள் பக்கத்தில் ஆசானிடம் அடிமுறைச் சண்டையோ வர்ம வைத்தியமோ கற்கப் போனவன் என்று அர்த்தம். எங்கள் பாட்டா அப்படிப் போனவர். முதல் இரண்டு வருஷம் ஆசான் வீட்டில் பச்சிலை பறித்தது, எண்ணெய் காய்ச்சியது, ஆசானுக்கு வெந்நீர் போட்டது, இதுதான் வேலை, ஒரு வர்மத்தின் பெயரைக்கூட ஆசான் சொல்லித் தரவில்லையாம். ஆசான் எப்படி நடக்கிறார், வலியோடு வந்தவன்மேல் எப்படிக் கை வைக்கிறார், காசில்லாதவனிடம் எப்படிப் பேசுகிறார் என்பதையெல்லாம் பக்கத்தில் இருந்து பார்த்துக்கொண்டே இருந்தாராம். கலிலேயாவில் வலையை விட்டுவிட்டு இயேசுவின் பின்னே போன அந்த நாலு பேரும் இப்படித்தான் போயிருப்பார்கள் என்று நினைக்கிறேன், அவர்கள் கையில் வகுப்பு நோட்டு எதுவும் இருந்ததாக எழுதப்படவில்லை.

அப்புறம் மத்தேயு. எங்கள் ஊர்க்காரனுக்கு மத்தேயுவைப் புரியவைக்க பிரசங்கமே வேண்டாம். ஆயத்துறையில் உட்கார்ந்திருந்தான் என்றால் செக்போஸ்டில் உட்கார்ந்திருந்தான் என்று அர்த்தம், 2017 ஜூலையில் ஜி.எஸ்.டி. வருகிற வரைக்கும் லாரிகள் வரிசையாக நின்றதைப் பார்த்து வளர்ந்தவர்கள் நாங்கள். அந்த நாற்காலியை விட்டு ஒருவன் எழுந்து இயேசுவின் பின்னே போனான் என்றால் அது எவ்வளவு பெரிய விஷயம் என்று இங்கே டீக்கடையில் இருப்பவனுக்கும் தெரியும்.

சரி, விஷயத்துக்கு வருகிறேன். தன் சிலுவையை எடுத்துக்கொண்டு என்னைப் பின்பற்றக்கடவன் என்ற வசனம் மத்தேயுவிலும் மாற்குவிலும் லூக்காவிலும் இருக்கிறது. லூக்கா 9:23-ல் மட்டும் ‘அனுதினமும்’ என்று ஒரு வார்த்தை கூடுதலாகக் கிடக்கிறது. ஞாயிறு பள்ளியில் இதை மனப்பாடம் செய்து பரிசாக ஒரு டிபன் பாக்ஸ் வாங்கியவன் நான். அந்த ஒரு வார்த்தை என் கடைக்குள் வந்து சேர முப்பது வருஷத்துக்கு மேல் ஆகிவிட்டது. அதைக் கொண்டுவந்தது எந்தப் போதகரும் இல்லை, ஒரு கிழவி.

ரப்பர் தொழில் தெரியாத வாசகர்களுக்காகக் கொஞ்சம் சொல்லிவிடுகிறேன். மரப்பட்டையைக் கீறிப் பால் எடுக்கும் வெட்டுக்காரர் அதிகாலை மூன்று, நாலு மணிக்கே தலையில் லைட்டைக் கட்டிக்கொண்டு தோட்டத்துக்குப் போவார், பெரும்பாலும் ஒன்று விட்டு ஒரு நாள். வெட்டிய பாலைச் சிரட்டையில் இருந்து வாளியில் சேர்த்து, ஆசிட் விட்டு உறைய வைத்து, ரோலரில் கொடுத்து ஷீட்டாக்கி, வெயிலிலும் புகைப்புரையிலும் காயப் போடுவார்கள். நன்றாகக் காயாத ஷீட்டில் வெள்ளை வெள்ளையாகத் திட்டு தெரியும், அது ஈரம், அதற்கு எடையில் கொஞ்சம் கழிப்பது நியாயம்தான். ஒட்டுபாலில் மண்ணும் பட்டையும் தண்ணீரும் இருக்கும், அதற்குக் கழிவு இன்னும் கூடுதல். இதுவரைக்கும் யாரும் கோபப்பட மாட்டார்கள். தப்பு எங்கே நுழைகிறது என்றால், கண்ணாடி போலக் காய்ந்து தங்க நிறத்தில் வந்த ஷீட்டுக்கும் அதே கழிவு எழுதுகிறோமே, அங்கேதான். என் அப்பா காலத்தில் இருந்தே எங்கள் கடையில் பத்து கிலோவுக்கு அரை கிலோ போகும். அது களவு என்று எனக்குத் தோன்றவே இல்லை. கடை வாடகை, கரண்டு பில், கழிவு என்று அதுவும் ஒரு கணக்காக இருந்தது.

தராசில் ஒரு குறையும் கிடையாது. வருஷா வருஷம் முத்திரை வைத்து வாங்கிவிடுவேன், சான்றிதழைச் சட்டம் போட்டு கல்லாவுக்கு மேலே மாட்டியிருந்தேன், பக்கத்திலேயே ஒரு வசன காலண்டர். தராசு சரியான எடையைத்தான் காட்டும். ஆனால் எண் தெரிகிற முகம் என் பக்கம் திரும்பியிருக்கும், நான் அதைப் பார்த்துவிட்டு வேறு எண்ணை எழுதுவேன். கள்ளத்தராசு கர்த்தருக்கு அருவருப்பானது, சுமுத்திரையான நிறைகல்லோ அவருக்குப் பிரியம் என்று நீதிமொழிகள் 11-ன் முதல் வசனம் சொல்கிறது. என் தராசு சுமுத்திரையானதுதானே என்று நானே சிரித்துக்கொண்டு சொல்லியிருக்கிறேன், வெட்கமாக இருக்கிறது இப்போது.

அந்த அம்மாவுக்கு எழுபதுக்கு மேல் இருக்கும். வீட்டுப் பின்னால் இருபது முப்பது மரம், மகன் வெட்டிக்கொடுப்பான், வாரம் ஒரு தடவை நாலைந்து ஷீட்டை மடித்து, பழைய சேலைத் துண்டால் கட்டி, தலையில் வைத்துக்கொண்டு வருவார். அன்றைக்கும் வந்தார். தராசில் வைத்தேன், 4 கிலோ 200 காட்டியது. பழக்கத்தில் கை 3.900 என்று எழுதியது. சீட்டை வாங்கி, கண்ணுக்குப் பக்கத்தில் கொண்டுபோய்ப் பார்த்துவிட்டு, “மக்களே, வாற வழியில மளிகக் கடையில தூக்கிப் பாத்தேன், நாலும் எரநூறும் கெடந்துதே” என்றார். சண்டை போடும் குரலே இல்லை. தனக்குத்தான் எண் சரியாகத் தெரியவில்லையோ என்கிற மாதிரி கேட்டார். நான் உடனே ஈரம், கழிவு என்று ஆரம்பித்தேன். அவர் ஒரு ஷீட்டை எடுத்து வெளிச்சத்தில் தூக்கிப் பிடித்துக் காட்டினார். ஒரு திட்டு இல்லை, அந்தப் பக்கம் ரோட்டில் பஸ் போவது மங்கலாகத் தெரிந்தது. அப்புறம் அவரே, “சரி, நீ கோயிலுக்குப் போற பிள்ள, பொய்யா எழுதப் போற” என்று சொல்லி, கொடுத்த காசை எண்ணாமல் முந்தானையில் முடிந்துகொண்டு இறங்கிப் போய்விட்டார்.

300 கிராம். அன்றைய விலைக்கு ஐம்பது ரூபாய்க்குக் கொஞ்சம் மேலே. அன்று சாயங்காலம்தான் லெந்து வகுப்பு. தலைப்பு, சிலுவை சுமத்தல். அந்த லெந்தில் நான் மீன் தொடவில்லை, எங்கள் ஊரில் நாற்பது நாள் மீன் இல்லாமல் சாப்பிடுவது லேசுப்பட்ட காரியம் இல்லை என்று உங்களுக்கே தெரியும், அதைச் சபையில் நாலு பேரிடம் சொல்லிக்கொண்டும் இருந்தேன். வகுப்பில் உட்கார்ந்தால் காதில் ஒன்றும் ஏறவில்லை, கோயிலுக்குப் போற பிள்ள என்பதே ஓடிக்கொண்டிருந்தது. என் பக்தியை நம்பி அந்தக் கிழவி எடையைக் கேட்காமல் போனார், அப்படியென்றால் நான் கோயிலுக்குப் போவதே என் களவுக்கு வசதியாக இருந்திருக்கிறது என்பதுதான் என்னை உறுத்தியது. சபைக்கே போகாதவன் எழுதியிருந்தால் அவர் நின்று சண்டை போட்டிருப்பார்.

மறுநாள் தராசின் முகத்தை வெளிப்பக்கம் திருப்பி வைத்தேன். பெரிய காரியம் ஒன்றும் இல்லை, ஒரு ஒயரைச் சுற்றிப் போட வேண்டியிருந்தது, அவ்வளவுதான். காய்ந்த ஷீட்டுக்குக் கழிவு கிடையாது, ஈரமான ஷீட்டு என்றால் எங்கே ஈரம், எவ்வளவு கழிக்கிறேன் என்று காட்டிவிட்டு எழுதுவது என்று வைத்துக்கொண்டேன். மனசு லேசாகி வியாபாரம் இரட்டிப்பானது என்று எழுதினால் உங்கள் ஆன்மிகப் பக்கத்துக்குப் பொருத்தமாக இருக்கும், ஆனால் நடந்தது அது இல்லை. பக்கத்துக் கடைகளில் பலகையில் கிலோவுக்கு இரண்டு ரூபாய் கூட்டி எழுதியிருப்பார்கள், அந்த இரண்டு ரூபாயையும் அதற்கு மேலும் எடையில் எடுத்துவிடுவார்கள், நானும் அப்படிச் செய்தவன்தான். விற்க வருகிறவர் பலகையைத்தான் பார்ப்பார். எடையைச் சரியாகப் போடுகிறவனால் அந்த விலையைக் கொடுக்க முடியாது. முதல் மூன்று மாதத்தில் பாதிப் பேர் அங்கே போய்விட்டார்கள், அதில் எங்கள் சபை மூப்பர் ஒருவரும் உண்டு. லூக்கா 14-ல் கோபுரம் கட்டப் போகிறவன் முதலில் உட்கார்ந்து செல்லும் செலவைக் கணக்குப் பார்க்கட்டும் என்று வருகிறதே, அது உவமைக்காகச் சொன்னது என்று நினைத்திருந்தேன். உட்கார்ந்து கணக்குப் பார்த்ததில் வேலைக்கு இருந்த பையனை நிறுத்திவிட்டு நானே மூட்டை தூக்க வேண்டி வந்தது. பையனை நிறுத்தியது சரியா என்று இன்னும் எனக்குத் தெளிவில்லை, என் நேர்மைக்கு அவன் கூலி கொடுத்த மாதிரி ஆகிவிட்டது. பிறகு அவனுக்கு வேறு இடத்தில் வேலை கிடைத்தது என்றாலும் அது என் சாமர்த்தியத்தால் இல்லை.

இதையெல்லாம் சபையில் சொல்ல முடியுமா என்றால் முடியாது. எங்களுக்குப் பெரிய கதைகள் வேண்டும். நெய்யூர் மருத்துவமனையில் இருந்த சாமர்வெல் டாக்டரின் கதையை எத்தனை கன்வென்ஷனில் கேட்டிருப்பேன், 1922-லும் 1924-லும் எவரெஸ்ட் ஏறப் போனவர், முதல் பயணம் முடிந்து ஊர் சுற்றி வந்தபோது நெய்யூரில் நோயாளிகள் வரிசையைப் பார்த்துவிட்டு லண்டன் வேலையை விட்டு இங்கேயே இருந்துவிட்டவர். கேட்கும்போதெல்லாம் கண் கலங்கும், இப்போதும் கலங்குகிறது. ஆனால் லண்டன் வேலையை விட்டு வந்தவருடைய கதையை நாங்கள் ஏன் இவ்வளவு விரும்பிக் கேட்கிறோம் என்று ஒரு சந்தேகம் வந்துவிட்டது. விட்டுவிட எங்களிடம் லண்டன் வேலை இல்லை, அதனால் நிம்மதியாகக் கேட்கலாம். அரை கிலோ கழிவை விட்டவன் கதையை யாராவது சொன்னால் பெஞ்சில் பாதிப் பேருக்கு உட்கார முடியாது.

மயிலாடிக்கு 1806-ல் வந்த மிஷனரி ரிங்கல்தௌபே ஐயரைப் பற்றியும் அப்படித்தான். தன் சம்பளத்தையே ஏழைகளுக்குக் கொடுத்துவிட்டு முரட்டுத் துணியோடு அலைந்தார் என்று சொல்லி மெச்சுகிறோம். உலகப் பலனை எதிர்பார்த்து வந்தவர்களை அவர் அவ்வளவு சுலபமாகச் சேர்த்துக்கொள்ளவில்லை என்பதையும் சேர்த்துச் சொன்னால் நன்றாக இருக்கும்.

தேவசகாயம் விஷயத்தை எடுத்துக்கொள்ளுங்கள். அவர் கத்தோலிக்கர், நாங்கள் சி.எஸ்.ஐ. என்னும் தென்னிந்தியத் திருச்சபை, இருந்தாலும் நட்டாலத்தில் பிறந்தவர், நம்ம ஊர்க்காரர். 1745-ல் வடக்கன்குளத்தில் ஞானஸ்நானம், 1752 ஜனவரி 14-ல் ஆரல்வாய்மொழி காற்றாடிமலையில் சுட்டுக் கொன்றார்கள். அந்த நடுவில் உள்ள வருஷங்களில் அவர் என்ன செய்தார் என்று பார்த்தால், தாழ்ந்தவர்கள் என்று ஒதுக்கி வைக்கப்பட்டவர்களோடு சேர்ந்து உட்கார்ந்து சாப்பிட்டார், பழகினார். சாப்பாடுதான், வேறு அதிசயம் ஒன்றும் வேண்டியிருக்கவில்லை, அரண்மனையில் இருந்தவர்களுக்கு அதையே தாங்க முடியவில்லை. 2022 மே 15-ல் ரோமில் புனிதர் பட்டம் கொடுத்தபோது அவர் பெயருக்குப் பின்னால் இருந்த சாதிப் பட்டத்தை எடுத்துவிட்டுத்தான் கொடுத்தார்கள். அதற்கு இங்கே எவ்வளவு கைதட்டல். சரி, ஆசிரியர் ஐயா, உங்கள் பத்திரிகையின் ஞாயிறு வரன் பக்கத்தை ஒரு தடவை விரித்துப் பாருங்கள். ஆர்.சி. என்று போட்டு ஒரு சாதி, சி.எஸ்.ஐ. என்று போட்டு ஒரு சாதி, பெந்தெகொஸ்தே என்று போட்டு, ‘அபிஷேகம் பெற்ற, இரட்சிக்கப்பட்ட’ என்று போட்டு, அதற்கும் பின்னால் ஒரு சாதி. ஆன்மிகப் பக்கத்துக்கும் வரன் பக்கத்துக்கும் நடுவில் இரண்டே தாள். விளம்பரம் கொடுப்பவர்கள் நாங்கள்தான், உங்களை மட்டும் சொல்லி என்ன பிரயோஜனம் என்பதும் தெரிகிறது. ஆனாலும் கேட்டு வைக்கிறேன், அந்த ஒரு வரியைக் கிறிஸ்தவ வரன்களுக்காவது வாங்க மாட்டோம் என்று சொன்னால் எவ்வளவு விளம்பரம் குறையும்?

கூலி விஷயமும் ஒன்று உண்டு. இப்போது எங்கள் பக்கம் கட்டட வேலைக்கு வருகிறவர்களில் நிறையப் பேர் அஸ்ஸாம், வங்காளம், ஜார்க்கண்ட் பிள்ளைகள். எந்த ஊர்க்காரன் என்றாலும் எங்களுக்கு அவன் பெங்காலிதான். சபைக்குப் புது மதில் கட்டியபோதும் அவர்கள்தான் வேலை செய்தார்கள். சனிக்கிழமை சாயங்காலம் கூலிக்கு நின்றவர்களை, பணம் வங்கியில் இருக்கிறது, திங்கட்கிழமை வா என்று சொல்லி அனுப்பினோம். அன்றைக்குக் கமிட்டியில் நானும் இருந்தேன், வாயைத் திறக்கவில்லை. உன் வாசலுக்குள் இருக்கும் அந்நியனாகிய கூலிக்காரனுக்கும் பொழுது போகுமுன்னே கூலியைக் கொடுத்துவிடு, அவன் ஏழை, அதன்மேல் ஆசையாய் இருக்கிறான் என்று உபாகமம் 24-ல் எழுதியிருக்கிறது, எழுதி வைத்திருப்பது எங்கள் புத்தகத்தில்தான். மறுநாள் அறுப்பின் பண்டிகை ஏலம், விளைச்சலில் இருந்து காணிக்கையாக வந்ததைச் சபையில் ஏலம் விடுவார்கள். ஒரு செவ்வாழைக் குலை இரண்டு குடும்பங்களின் வீம்பில் ஏறி ஏறி, வெட்டுக்காரர் ஒருவருடைய ஒரு மாதச் சம்பாத்தியத்துக்குப் போனது. கையில் ரொக்கம் இல்லை என்று யாரும் சொல்லவில்லை. பாதில் என்று ஒரு பையன், பத்தொன்பது இருபது வயசு இருக்கும், பாதி கட்டிய மதில்மேல் உட்கார்ந்து அந்த ஏலத்தைப் பார்த்துக்கொண்டிருந்தான். அவன் பெயரை அன்றைக்குத்தான் கேட்டுத் தெரிந்துகொண்டேன், மூன்று வாரமாக எங்கள் சபை வளாகத்தில் வேலை செய்துகொண்டிருந்தவன்.

அண்ணன் தம்பி நில எல்லைத் தகராறு, சபைத் தேர்தல், கோர்ட்டு கேசு இவற்றைப் பற்றி எழுதினால் கடிதம் முடியாது. பலிபீடத்தில் காணிக்கையை வைத்துவிட்டு முதலில் போய்ச் சகோதரனோடு ஒப்புரவாகு என்பதை ஒரே ஒரு ஞாயிற்றுக்கிழமை நிஜமாகவே செய்து பார்த்தால் எங்கள் சபையில் ஆராதனை நடத்த ஆள் இருக்காது, போதகர் உட்பட எல்லாரும் வெளியே போயிருப்பார்கள்.

கடைசியாக, நான் எழுத உட்கார்ந்ததே ஒரு கேள்விக்காகத்தான். இயேசுவைப் பார்க்க மரத்தில் ஏறிய வரி வசூல்காரன் சகேயு இறங்கி, அநியாயமாய் வாங்கியதை நாலத்தனையாய்த் திரும்பக் கொடுக்கிறேன் என்றான். எண்ணாகமம் 5-ல் முதலும் அதோடு ஐந்தில் ஒரு பங்கும் என்று இருக்கிறது. அந்த அம்மாவுக்கு நான் கொடுத்துவிட்டேன். எத்தனை வாரம் வந்திருப்பார் என்று உத்தேசமாகக் கணக்குப் போட்டுக் கொண்டுபோய்க் கொடுத்தேன், எதற்கு என்று சொன்னபோது கொஞ்ச நேரம் பேசவில்லை, பிறகு பாதியைத் திருப்பி என் கையில் வைத்து, பிள்ளைகளுக்கு ஏதாவது வாங்கிக் கொடு என்றார். வாங்க மாட்டேன் என்றால் விடவில்லை. அதைப் பற்றி நான் இங்கே பேசப் போவதில்லை.

மற்றவர்களுக்கு என்ன செய்வது? நான் கல்லாவில் உட்கார்ந்த பன்னிரண்டு வருஷக் கணக்கு. பழைய சீட்டுப் புத்தகங்கள் ஒரு சாக்கு நிறைய அட்டத்தில், அதாவது பரணில், கிடக்கின்றன, பாதியைக் கரையான் தின்றுவிட்டது. எழுதியிருக்கும் எடை பொய், அதனால் கழித்தது எவ்வளவு என்று அதில் இருந்தே கண்டுபிடிக்கவும் முடியாது. சிலர் செத்துப் போனார்கள், சிலர் நிலத்தை விற்றுவிட்டு நெடுமங்காடு, திருவனந்தபுரம் என்று போய்விட்டார்கள். என் மனைவி சொல்கிறாள், சகேயு மரத்தை விட்டு இறங்கின அன்னைக்கே சொன்னான், நீங்க கரையான் அரிச்ச பிறகு கணக்குப் பாக்குறீங்க என்று. போதகரிடம் பெயர் சொல்லாமல் பொதுவாகக் கேட்டேன். வாங்கிக்கொள்ள ஆளோ இனத்தாரோ இல்லாவிட்டால் அது கர்த்தருக்கு என்று அதே எண்ணாகமம் 5-ல் இருக்கிறது, காணிக்கையாகப் போட்டுவிடலாம் என்றார். இருக்கிறது, நானும் வாசித்தேன். ஆனால் எங்கள் சபையில் அந்த அளவு தொகையைப் போட்டால் அடுத்த மாதம் புது மதிலில் என் பெயர் கல்லில் ஏறிவிடும், பெயர் வேண்டாம் என்று சொன்னால் இன்னும் பெரிதாகப் பொறிப்பார்கள். ஏமாந்த வெட்டுக்காரர்கள் அந்தக் கல்லைத் தாண்டித்தான் கோயிலுக்குள் போக வேண்டும்.

உங்கள் வாசகர்களில் என்னைப் போன்ற வியாபாரிகள் இருப்பார்கள், தேங்காய், மீன், நெல், தங்கம் என்று ஏதாவது எடை போடுகிறவர்கள். யாராவது இப்படித் திருப்பிக் கொடுத்திருந்தால் எப்படிக் கொடுத்தீர்கள் என்று இந்தப் பகுதிக்கே எழுதுங்கள். உபதேசம் வேண்டாம், அது எங்களிடம் நிறைய இருக்கிறது. யாருக்கு, எவ்வளவு, எந்த வழியில் என்று எழுதினால் போதும். அதுவரைக்கும் அந்தச் சாக்கை அட்டத்தில் இருந்து இறக்கி, கரையான் தின்னாத புத்தகங்களில் உள்ள பெயர்களை ராத்திரியில் ஒரு நோட்டில் எழுதிக்கொண்டிருக்கிறேன். நேற்று வரை 140 பெயர்.

இப்படிக்கு,
ரப்பர் ஷீட் வியாபாரி ஒருவர்,
களியக்காவிளை எல்லைப் பகுதி.

(பெயரை வெளியிட வேண்டாம். பயத்தால் இல்லை, மேலே சொன்ன கல் காரணத்தால்தான்.)